இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புக்குரிய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவுபெறுகிறது. விளையாட்டுப் போட்டியிலும் தமிழ்மொழித்தினப் போட்டியிலும் பிள்ளைகள் திறமை காட்டினார்கள். தரம் 5 மாணவர்கள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஊக்கத்தோடு படிக்கிறார்கள். சிரமதானத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி.

ஒரு விடயத்தைச் சற்று விரிவாகக் கதைக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தவணையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குத் தம்மை மும்மொழிகளிலும் அறிமுகம் செய்யப் பழக்கினோம். தமிழில் "என் பெயர்", சிங்களத்தில் "மகே நம" என்று தொடங்கிப் பெயரைச் சொன்னாலே வசனம் முடிந்துவிடும். அதனால் சிங்களம் லேசாக வந்தது. ஆங்கிலத்தில்தான் "மை நேம்" என்றதும் "இஸ்" என்பதை விட்டுவிடுகிறார்கள். அரபியில் "இஸ்மீ" என்று தொடங்குவதைச் சில பிள்ளைகள் காத்தான்குடி முஸ்லிம் நண்பர்களிடம் கேட்டு வந்து வகுப்புக்கே சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் பல் பரிசோதனை நாளில் நடந்தது மனதை வருத்தியது. சிங்களம் பேசும் உத்தியோகத்தர் குனிந்து, "ஒயாகே நம மொகக்த?" என்று ஒரு சிறுமியிடம் பெயர் கேட்டார். பிள்ளை "மகே..." என்று வாயெடுத்தது. அதற்குள் கதவடியில் நின்ற தாயார் பெயரைச் சொல்லிவிட்டார். பிள்ளை தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. பிறகு எதைக் கேட்டும் பேசவில்லை. தாயார் அன்பினால்தான் சொன்னார். இது ஒருவர் மட்டும் செய்வதும் அல்ல.

வீட்டில் "மனே", "குஞ்சு" என்று ஆசையாகக் கூப்பிடுங்கள். அதோடு பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் பிள்ளையின் வாயில் நிற்க வேண்டும். ஆடியமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் எவ்வளவு சனம் கூடும் என்பது உங்களுக்குத் தெரியும். கைதவறிய பிள்ளையிடம் முதலில் வருபவர் சிங்களம் மட்டும் தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தராக இருக்கலாம். தமிழும் 1987 முதல் அரசகரும மொழிதான்; தமிழில் பெயர் சொல்லப் பிள்ளைக்கு முழு உரிமை உண்டு. என்றாலும் அந்த நேரத்தில் "மகே நம" கைகொடுக்கும். வெறுமனே "குஞ்சு" என்றால் ஒலிபெருக்கியில் யாரென்று அறிவிப்பது? நம் வழக்கில் தகப்பன் பெயர் முன்னுக்கு நிற்பதால், தன் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று பிரித்துச் சொல்லவும் பழக்குங்கள்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த தவணை முதல் பாடசாலைக்குள் பிள்ளையிடம் கேட்கும் கேள்விக்குப் பெற்றோர் பதில் சொல்ல இடமில்லை. பரிசோதனை நாட்களில் பெற்றோர் அலுவலகத்தின் முன் காத்திருக்க வேண்டும். பேசச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. அவர்களின் பெற்றோர் வகுப்பாசிரியருடன் முன்கூட்டியே கதையுங்கள். வீட்டில் வேற்றுமொழி பழகும் பிள்ளையைப் பார்த்து அண்ணன் அக்காமார் சிரிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருமுறை சிரித்தால் அந்தப் பிள்ளை வகுப்பிலும் வாய் திறப்பதில்லை.

வயல் வேலைக்கும் கடல் தொழிலுக்கும் நடுவில் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பும் உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். சிங்களம் தெரிந்த பெற்றோர் சிலர் வகுப்புக்கு வந்து உச்சரிப்பைத் திருத்தித் தந்தீர்கள். உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

மூன்றாம் தவணையின் முதல் நாள் காலைக்கூட்டத்தில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் விரும்பிய மொழியில் தம்மை அறிமுகம் செய்வார்கள். எல்லோரும் கட்டாயம் வாருங்கள்.

இப்படிக்கு,
அதிபர்