1,750 ரூபாவும் மடுவத்துத் தராசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபாவாகி, 2024 செப்டெம்பரில் 1,350 ஆகி, 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்று அறிவிக்கப்பட்டது. இடையில் 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்து, கம்பனிகள் உயர் நீதிமன்றம் வரை போனது வேறு கதை. ஒவ்வொரு தடவையும் பேச்செல்லாம் அந்தத் தொகையைப் பற்றித்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பேசுவார் குறைவு. சம்பளம் அங்கேதான் கூடுகிறது, அங்கேதான் குறைகிறது.

முதலில் கணக்கு. 1,750 என்பது இரண்டு கூறு. 1,550 கம்பனி கொடுப்பது, 200 அரசாங்கம் தரும் வருகைக் கொடுப்பனவு. குறித்த கிலோவைப் பறித்தவருக்கு எழுதும் ஒரு நாள் வேலைக் கணக்கைத் தோட்டத்தில் 'பேர்' என்போம். ஒருவருக்கு மாதத்தில் அப்படி 20 பேர் விழுந்தால் கம்பனிச் சம்பளம் 31,000 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் பங்கு 8 வீதம், அதாவது 2,480. கம்பனி தன் பக்கத்திலிருந்து 12 வீதமாக 3,720 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமாக 930 ரூபாவும் கட்ட வேண்டும். இந்த இரண்டும் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாதவை. அரசாங்கத்தின் 200 இருபது நாளைக்கு 4,000. இத்தனையும் அந்த 20 'பேர்' முழுப்பேராக விழுந்தால்தான்.

விழுகிறதா? ஒரு தோட்டத்தில் 18 கிலோ பறித்தால் பேர், இன்னொன்றில் 20. குறைந்தால் அரைப்பேர், இல்லையேல் கிலோக் கணக்கில் கைக்காசு. முன்பு கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் இருந்தது. அதில் குறை ஆயிரம் இருந்தாலும், கிலோ அளவைப் பற்றிப் பேச ஒரு மேசையாவது இருந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை வழியாகச் சம்பளம் வந்தபோது தொகைதான் வர்த்தமானியில் ஏறியது, கிலோ ஏறவில்லை. கூட்டு ஒப்பந்தமும் இல்லாமல் போனது. அன்று முதல் கிலோவைத் தோட்ட நிர்வாகமே தீர்மானிக்கிறது.

எல்லா மலைக்கும் ஒரே கிலோ என்பது தொழில் தெரிந்தவர் சொல்லும் கணக்கல்ல. கிளைத்துண்டு நட்டு வளர்த்த வி.பி. தேயிலை மலையில் மதியத்துக்குள் கிடைக்கும் கொழுந்து, செடிக்குச் செடி இடைவெளி விழுந்த பழைய விதைத் தேயிலை மலையில் அந்திவரை நின்றாலும் கிடைக்காது. கவாத்து வெட்டி மீண்டு வரும் மலை வேறு கணக்கு. மஸ்கெலியா, டிக்கோயா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. ஏப்ரல், மே மாதக் கொழுந்தை வைத்து நிர்ணயித்த அளவைப் பெப்ரவரியில் கேட்டால் அரைப்பேர்தான் விழும். மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம் அளவை எழுதி, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டிலேயே அன்றைய கிலோவைச் சொல்ல வேண்டும். மாலையில் சொல்வது நியாயமாகாது.

இனித் தராசு. காலை, மதியம், மாலை என்று நாளுக்கு மூன்று நிறுவை. ஒவ்வொன்றிலும் பைக்கு, மழைத் தண்ணீருக்கு, முத்தல் இலைக்கு என்று ஒரேயடியாகக் கிலோ கழிக்கிறார்கள். ஒருவர் 6, 8, 6 என மொத்தம் 20 கிலோ கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறுவைக்கு 2 கிலோ கழித்தால் மிஞ்சுவது 14. பேருக்கு 18 கிலோ என்றால் அவருக்கு அரைப்பேர், 775 ரூபா. கழிக்காமல் இருந்தால் 1,550 ரூபாவோடு, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா வீதம் இன்னும் 100. ஆறு கிலோக் கழிவின் விலை 875 ரூபா! 6 கிலோ நிறுவையில் 2 கிலோ கழிப்பது மூன்றில் ஒரு பங்கு. 12 கிலோவில் அதே 2 ஆறில் ஒரு பங்குதான். கொழுந்து குறைந்த மலையில் நிற்பவருக்கே பெரிய அடி.

கழிவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் தராசில் ஏறுவது உண்மை. அதற்கு வழி இருக்கிறது. வெறும் பையைத் தராசில் வைத்து முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகு நிறுத்தால் பைக்கழிவு தேவையே இல்லை. ஈரத்துக்கு நூற்று வீதத்தில் கழிக்கலாம், அதுவும் மழை நாளில் மட்டும். முத்தலுக்குக் கழிப்பதற்கு முன் அந்த மலைக்குக் கடைசியாக எப்போது ஆள் போனது என்று பார்க்க வேண்டும். ஏழெட்டு நாளில் திரும்ப வேண்டிய சுற்று ஆள் பற்றாமல் பதினான்கு நாளானால் இலை முற்றத்தான் செய்யும். அதில் பறிப்பவர் குற்றம் என்ன?

கழித்த கொழுந்து எங்கே போகிறது என்று பார்க்கச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. லொறியில் போகும் கொழுந்தைத் தொழிற்சாலையில் மறுபடி நிறுக்கிறார்கள். வழியில் ஈரம் வற்றுவதால், அங்கே பை நீக்கிய நிறை மலையில் நிறுத்ததைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். தொழிலாளர் பேரில் எழுதிய கிலோக்களின் கூட்டுத்தொகையைவிடத் தொழிற்சாலை நிறை கூடியிருந்தால், கழிவு அளவுக்கு மீறியது என்று அர்த்தம். பச்சைக் கொழுந்து நாலரைக் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். ஆக, பேரேட்டில் ஏறாத கொழுந்தும் ஏலத்தில் விலை போகிறது. இரண்டு நிறையையும் மறுநாள் காலை மடுவத்துச் சுவரில் ஒட்டினால் போதும், பாதிச் சண்டை தீர்ந்துவிடும். நிறுவைக்கு நிறுவை மொத்த நிறை, கழிவு, மிச்சம் மூன்றையும் எழுதிய துண்டு கையில் கொடுக்க வேண்டும்.

அரசாங்கத்தின் 200 ரூபா வருகைக்கு உரியது. பிரட்டுக்கு வந்து மலையில் நின்றவருக்கு அரைப்பேர் விழுந்தாலும் அது குறையக் கூடாது. சம்பளச் சிட்டையில் அதைத் தனி வரியாகக் காட்ட வேண்டும். முழுப்பேர், அரைப்பேர், கைக்காசு நாட்கள், மேலதிகக் கிலோ, முற்பணம், சந்தா எல்லாம் தனித்தனியே வர வேண்டும். கைக்காசு நாட்களுக்குச் சேமலாப நிதி கட்டியிருக்கிறதா என்பதை ஒவ்வொரு மாதமும் பாருங்கள். சிட்டைகளை எறிந்துவிடாதீர்கள். தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதும்போது பேசப்போவது அந்தக் காகிதம்தான். அடையாள அட்டையில் உள்ள பெயரும் சேமலாப நிதிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதையும் வேலையில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். ஐம்பது வயதில் வேலை விட்டுச் சேமலாப நிதி கேட்கும் பெண்கள் அலைவது பெரும்பாலும் இதற்காகவே.

வேலை விடும்போது கிடைக்கும் சேவைக்காலப் பணமும் இதே சம்பளத்தில்தான் தொங்குகிறது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய வீதத்தில். 1,550 ரூபாவில் 30 வருடத்துக்கு 6,51,000 ரூபா. வேலை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றும், தாமதித்தால் மிகைக் கட்டணம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும் தொழிற்சங்கத் தலைவர்கள் ரூபாவோடு கிலோவையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளர் சிலர்,
மஸ்கெலியா.