வந்த வாரமே மோப்ப நாயைக் கடற்கரையில் இறக்காதீர்கள்

ராமநாதபுரம் கடற்கரையில் கடத்தல் பொருள் தேடும் பணியில் மோப்ப நாய்களை ஈடுபடுத்தும் கடற்படை, கடலோரக் காவல்படை, காவல்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாய்ப் பயிற்சியிலும் கால்நடை மருத்துவத்திலும் இருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதுகிறோம். மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படையின் மையத்திலோ வடக்கே வேறு மையத்திலோ பயிற்சி முடித்து வரும் நாய் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், இந்தக் கரைக்கு அது புதிது. குறைந்தது 3 வாரம் பழக்கிய பிறகே முழு வேலை கொடுங்கள். முதல் நாட்களில் விடியற்காலையில் 10 நிமிடம் போதும். பிறகு படிப்படியாகக் கூட்டலாம்.

வெயிலை விட இங்கே ஈரப்பதம்தான் ஆபத்து. நாய் மூச்சிரைத்து, நாக்கு ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைத் தணித்துக்கொள்கிறது. கடற்காற்றில் ஈரம் கூடினால் அந்த வழி அடைபடுகிறது. போதாததற்கு, வாயால் இரைக்கும் நாய் மூக்கால் சரியாக மோந்து பார்க்க முடியாது. அந்த நேரத்தில் அது ‘ஒன்றும் இல்லை’ என்று காட்டினால் அதை நம்பக் கூடாது.

பரிசாகக் கிடைக்கும் பந்துக்காக உழைக்கப் பழகிய லாப்ரடார், மாலினாய்ஸ் இன நாய்கள் தாமாக நிற்பதில்லை. நிறுத்த வேண்டியவர் நாயை நடத்தும் ஹேண்ட்லர். நாக்கு அகன்று நுனி விரிந்து தொங்குவது, ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாவது, திரும்பும்போது பின்கால் தள்ளாடுவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தேடலை நிறுத்துங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஓய்வில் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் இயல்பு. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓடும் முன், இருந்த இடத்திலேயே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வயிறும் உள்தொடையும் நன்றாக நனையட்டும். ஈரத்துண்டால் போர்த்தாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் குளிர்ச்சி மிஞ்சிப்போகும். ஒரு நாய்க்குக் குடிக்க 5 லிட்டர், ஊற்ற 20 லிட்டர் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். ஊற்றுநீர் பல இடங்களில் உப்பு. கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கும் உப்பு நஞ்சும் வரும்.

அடுத்தது காற்று. விடியும் முன் காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். அப்போது நாயை அலையோரமாக நடத்தினால் மணல்மேட்டில் புதைத்த பொருளின் வாடை அதன் மூக்குக்கு வந்து சேரும். வெயில் ஏறியபின் காற்று திரும்பிவிடும். அப்போது மேட்டுக்கு அந்தப்புறம், நிலப்பக்கம் நடத்துங்கள். ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று பலமாக வீசும்போது இந்தக் கணக்கு மாறும். கிழக்கே கடல் உள்ள தொண்டிப் பக்கம் அது கரையிலிருந்து கடலுக்குப் போகும், தெற்கே கடல் உள்ள கீழக்கரைப் பக்கம் கடலிலிருந்து கரைக்கு வரும். ஒரே வழித்தடத்தை எல்லா நாளும் எல்லா நேரமும் பின்பற்றுவதில் பலனில்லை.

வல்லம் என்ற நாட்டுப்படகிலும் விசைப்படகிலும் டீசல், மீன், கருவாடு எல்லாம் சேர்ந்து நாயைக் குழப்பும். அவற்றைப் பயிற்சியிலேயே வையுங்கள்: கருவாட்டை மோந்தால் பரிசு இல்லை, கஞ்சாவை மோந்தால் பந்து. கஞ்சா மாதிரியை எப்போதும் ஒரே பாலித்தீனில் சுற்றி வைத்தால் நாய் பாலித்தீனைத்தான் கற்றுக்கொள்ளும். வெறும் பாலித்தீன், வெறும் கையுறை, வெறும் டப்பா ஆகியவற்றையும் நாய் மோந்து பார்க்கும் வரிசையில் சேருங்கள். 2001 முதல் வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் கடல் அட்டை என்ற கடலுயிரின் வாடைக்குப் பழக்குவதானால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும், ஏனென்றால் உலர்த்திய அட்டை பெரும்பாலும் மீன்வாடைக்கு நடுவில்தான் கிடக்கும். நாயின் திறனைச் சோதிக்கும்போது பொருள் எங்கே இருக்கிறது என்று ஹேண்ட்லருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவர் கால் தயங்கும் இடத்தில் நாய் உட்கார்ந்துவிடும்.

சீமைக்கருவேல முள்ளைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள். முறிந்து உள்ளே தங்கிய நுனி சில நாளில் சீழ்க்கட்டியாகும். பிறகு நல்ல தண்ணீரில் பாதங்களைக் கழுவித் துடைத்து, காதுமடலிலும் அக்குளிலும் உண்ணி தேடுங்கள். நாய் சோர்ந்து, தீனி மறுத்து, காய்ச்சல் கண்டால் உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையை அன்றே செய்ய வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

சிப்பிப்பாறை, கன்னி நாய்களை எடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். குட்டை முடியும் மெலிந்த உடலும் வெயிலுக்கு ஏற்றவைதான். ஆனால் அவை கண்ணால் பார்த்துத் துரத்த வளர்க்கப்பட்ட இனங்கள். ஊர்ப்பெருமைக்காக எடுக்காமல், பந்தின் மேல் தீராத ஆசையும் புது இடத்தில் பயமின்மையும் உள்ள குட்டிகளைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, நாய் இங்கே பழகும் காலத்தில் அதன் ஹேண்ட்லரை இடமாற்றம் செய்யாதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், புதியவர் பழையவரோடு சேர்ந்து அந்த நாயை நடத்திப் பழகிய பிறகு கயிறு கைமாறட்டும்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்றுநர்களும் கால்நடை மருத்துவர்களும்,
ராமநாதபுரம்