சுக்கான் என் கையில்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மத்தியதரைக் கடலில் பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்தும் தம்பதிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நானும் என் கணவரும் நான்கு வருடமாக அப்படித்தான் இருக்கிறோம், 11 மீட்டர் படகு ஒன்றில். நீலக் கடல், அஸ்தமனம், எல்லாம் சரிதான். ஆனால் கணவர் படகை ஓட்ட மனைவி சுடச்சுடச் சமைத்துப் போடுகிறார் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும். எங்கள் படகில் சுக்கான் பிடிப்பது நான். சமையல், அன்றைக்கு யாருக்குக் குமட்டவில்லையோ அவருக்கு.

அவ்வளவு பெரிய கட்டுரையில் நங்கூரம் என்ற சொல்லே இல்லை! பாயை விரித்து நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருப்போம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒரு தீவின் மறைவில் நின்றுகொண்டுதான் இருப்போம், அப்படி நிற்பதுதான் பெரிய வேலை. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இருபத்தைந்து, முப்பது மீட்டர் சங்கிலி இறக்கி, எஞ்சினைப் பின்னோக்கி இழுக்கவிட்டு, நங்கூரம் மணலில் புதைந்ததா இல்லை கடற்புல்லின் மேல் சும்மா கிடக்கிறதா என்று நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்துப் பார்த்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பாடு. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் பொசிடோனியா என்ற அந்தக் கடற்புல் மேல் நங்கூரம் போடுவதே குற்றம், அபராதம் உண்டு. துறைமுகமென்றால் வேறு கூத்து. மத்தியதரைக் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவது மிகக் குறைவு என்பதால், முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகின் பின்பக்கத்தைக் கரையோடு ஒட்டிக் கட்டுவார்கள். கிரீஸின் ஹைட்ரா தீவு போன்ற சின்னத் துறைமுகத்தில் எல்லோர் சங்கிலியும் எல்லோர் சங்கிலி மேலும் கிடக்கும். காலையில் யாரோ கிளம்பும்போது அவர் நங்கூரத்தோடு நம்முடையதும் மேலே வரும்.

ஜூலை, ஆகஸ்டில் கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவே உள்ள ஏஜியன் கடலில் அடிக்கும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். வடக்கிலிருந்து வருவதால் நம் வாடைக் காற்று மாதிரி என்று சொல்லலாம், ஆனால் இது கொளுத்தும் வெயிலில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாமல், நாள்கணக்கில் அடிக்கும். போன கோடையில் பாரோஸ் தீவில் இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் நங்கூர அலாரம், அதாவது படகு நின்ற இடத்தை விட்டு நகர்ந்தால் அடிக்கும் மணி, அலறியது. நான் எஞ்சினைப் போட்டேன், அவர் டார்ச்சோடு முன்னால் ஓடினார். கத்துவது கேட்கவில்லை, காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அவர் இடப்பக்கம் கை காட்டினார். நான் படகை இடப்பக்கம் திருப்பச் சொல்கிறார் என்று திருப்பினேன், அவரோ சங்கிலி அந்தப் பக்கம் கிடக்கிறது, அதன் மேல் ஏறாதே என்று காட்டியிருக்கிறார். பக்கத்துப் படகுக்கும் எங்களுக்கும் ஒரு கை அகலம்தான் இருந்தது. அடிபடவில்லை. விடியும் வரை சண்டை போட்டோம். அப்புறம்தான் ஒரு முடிவுக்கு வந்தோம்: நீட்டிய கை எப்போதும் சங்கிலி இருக்கும் திசை மட்டுமே, வேறு எதுவும் இல்லை.

இதில் இன்னொன்று, ஒருவர் கடலில் விழுந்துவிட்டால் படகில் மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள். அதற்காகவே மாதம் ஒரு தடவை பழைய வாளி ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, தனி ஆளாகப் படகைத் திருப்பிப் போய் அதை எடுத்து வருவோம். முதல் தடவை எனக்கு இருபது நிமிடம் ஆனது. அவருக்கும் அதே கதிதான், அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

விசா பற்றியும் கட்டுரை வாயைத் திறக்கவில்லை. எங்களைப் போன்ற வெளிநாட்டவர்கள் ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாட்களிலும் 90 நாள்தான் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகுக்கோ 18 மாதம்! முன்பு குரோவேஷியாவில் போய் ஒதுங்கலாம், 2023 ஜனவரியில் அதுவும் ஷெங்கனுக்குள் போய்விட்டது. மிச்சம் துருக்கி, அல்பேனியா, மாண்டிநீக்ரோ, துனிசியா. நாட்காட்டியில் நாளை எண்ணுவதும் நான்தான்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து எந்தத் தம்பதியைப் பேட்டி கண்டாலும், இரவு இரண்டு மணிக்கு நங்கூரம் இழுபட்டால் என்ன செய்வீர்கள் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒரு வாசகி,
லெரோஸ் தீவு, கிரீஸ்