மாப்பிள்ளைக்கு, கம்பத்திலிருந்து

கம்பம்,
ஞாயிறு இரவு

மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, திட்டாதே. ஏலக்காய் எடுப்பு நடக்கிற நேரம். விடிகாலை ஐந்து மணிக்கே ஜீப்பைக் கிளப்பினால்தான் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரள எல்லையில் இருக்கிற கம்பம்மெட்டு மலை ஏற முடிகிறது. நடுவில் இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். வாடகை போச்சே என்று வீட்டில் ஒரே பாட்டு.

நானாக ஒன்றும் போகவில்லை. ஆள் ஏற்றுகிற டிரைவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று தோட்டத்து முதலாளி சொல்லிவிட்டார். டீயும் வடையும் கொடுத்து, ஒரு சர்டிபிகேட்டை நீட்டி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தது ஒரு நர்ஸ் சேச்சி. பேச்சில் பாதி தமிழ், பாதி மலையாளம். முதல் பாடம், இதயத் துடிப்பு நின்று விழுந்தவருக்கு என்ன செய்வது என்பது. இடுப்பு வரைக்குமான பொம்மை ஒன்றைத் தரையில் கிடத்தி, நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அடியை ஊன்றி, முழங்கை மடங்காமல் அழுத்தச் சொன்னார். நெஞ்சு 5 சென்டிமீட்டராவது இறங்கவேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? ஒரே நிமிடத்தில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. சரியாக அழுத்தினால் பொம்மைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்; என் கை தளர்ந்ததும் அது நின்றுபோனது. "ஆழம் போரா, சேட்டா" என்றார் சேச்சி, ஆழம் போதவில்லையாம். அப்புறம் நம் தெரு அக்கா முட்டி போட்டு உட்கார்ந்தார் பார், மண்வெட்டி பிடித்த கை, இரண்டு நிமிடமும் விடாமல் டக், டக், டக். கூடமே கை தட்டியது. மூளை நாலைந்து நிமிடத்துக்கு மேல் ரத்தம் இல்லாமல் தாங்காதாம். மெட்டுக்கு ஆம்புலன்ஸ் ஏறிவர எவ்வளவு நேரமாகும் என்று உனக்கே தெரியும்.

அந்த அக்கா யாரென்று நினைவிருக்கிறதா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏலக்காட்டில் பாம்பு கடித்ததே, அவர்தான். அன்றைக்கு ஜீப் ஓட்டியவன் நான். உன்னிடம் முழுக்கதையைச் சொன்னதில்லை. முழங்காலுக்குக் கீழே துண்டைப் போட்டு இறுக்கிக் கட்டியது நான்தான். யாரோ பிளேடால் கீறினார்கள். பாம்பை அடித்து எடுத்துவர இரண்டு பேர் ஓடினார்கள், அவர்களுக்காகக் காத்திருந்தோம். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒரு விஷ வைத்தியர் வீட்டிலும் நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பாதம் கறுத்திருந்தது. உயிர் பிழைத்தார், இரண்டு விரல் போனது.

பயிற்சியில் சேச்சி அடுத்து பாம்புக்கடிப் பாடத்துக்கு வந்தார். கட்டாதே, இறுக்கினால் ரத்தம் போகாமல் சதை செத்துவிடும். கீறாதே, உறிஞ்சாதே. பாம்பைத் தேடி நேரத்தைத் தொலைக்காதே. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசையாமல் வைத்து நேராக ஆஸ்பத்திரி. நம் நாட்டு விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்குத்தான். ஏலக்காட்டில் கிடக்கிற முழமூக்கன் குழிவிரியனுக்கு அது கேட்காது. அதனால் சின்னக் கடிதானே என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது, டாக்டர் கண் முன்னால் இருக்கவேண்டும் என்றார். நான் செய்த ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொன்ன மாதிரி இருந்தது. அக்கா பக்கம் நான் திரும்பவே இல்லை. அவர்தான் என் முட்டியைத் தட்டி, "எழுதிக்கோ தம்பி, மறந்துருவ" என்றார்.

எல்லை ஊர்க்காரனுக்கு இன்னொன்று. மெட்டில் நின்றால் போனுக்குக் கொஞ்ச நேரம் நம்ம டவர், கொஞ்ச நேரம் கேரளா டவர். 108 அடித்தால் எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று தெரியாது. எடுத்ததும் முதலில் இடத்தைச் சொல், என்ன நடந்தது என்பது அடுத்தது என்றார் சேச்சி. போலீசு, கோர்ட்டு என்று நாம் பயப்படுவோமே, அதற்கும் வழி இருக்கிறது. விபத்தில் உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 2021-இல் வந்த நம் மாநிலத்து 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்தாருக்கும் உண்டு. இது தெரியாமல் எத்தனை பேர் வண்டியை ஒதுக்காமல் போயிருப்போம், நானும் சேர்த்துத்தான்.

போன வாரம் மருமகள் கையில் எண்ணெய் தெறித்துவிட்டது. அம்மா பேஸ்ட்டோடு ஓடிவந்தது. நான் கையைக் குழாயடியில் இருபது நிமிடம் பிடித்தேன். கொப்புளம் இல்லை. "நாலு குடம் தண்ணி வீணாப் போச்சு" என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறது.

திருப்பூரில் உன் கம்பெனியில் நூறு பேர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்கமோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸோ, விசாரித்து நீயும் ஒருமுறை முட்டி போட்டுப் பார். உன் தொப்பைக்கு எத்தனை 'டக்' வருகிறது என்று எழுது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவாயல்லவா? வரும்போது துணி வெட்டுகிற நல்ல கத்தரிக்கோல் ஒன்று வாங்கி வா. ஜீப் பெட்டியில் முக்கோணக் கட்டுத்துணியும் பஞ்சும் வைத்துவிட்டேன். காயத்தைப் பார்க்கச் சட்டையை வெட்டவேண்டி வந்தால், இங்கே கிடைத்தது காகிதம்கூட வெட்ட மாட்டேன் என்கிறது.

உன்
பங்காளி