பூச்சிமருந்துக் கடைக்காரர்களுக்கு, அவசரப் பிரிவிலிருந்து ஒரு மடல்

டெல்டா மாவட்டங்களில் உரக்கடையும் பூச்சிமருந்துக் கடையும் நடத்தும் ஐயாக்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியர். இந்த மடலை வேளாண்மைத் துறைக்கோ மருந்து கம்பெனிகளுக்கோ எழுதியிருக்கலாம். ஆனால் பருத்தியில் மாவுப்பூச்சி விழுந்தாலும் சரி, சம்பாவில் புகையான் இறங்கினாலும் சரி, விவசாயி முதலில் வந்து நிற்பது உங்கள் கல்லா முன்னால்தான். எந்த மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி, எதோடு எதைக் கலப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் உங்கள் வாய்ச்சொல்லில் முடிவாகிறது. வேளாண் அலுவலரைப் பார்த்துவிட்டு வருபவர் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் உங்களிடமே நேராகப் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

கோடைப் பருத்தி சமயத்தில் எங்களிடம் வருகிற ஒரு வகை நோயாளிகளைப் பற்றித்தான் பேச்சு. விஷம் குடித்து வருபவர்கள் வேறு; அது தனிக் கதை. நான் சொல்வது கூலிக்கு மருந்து அடித்துவிட்டு வருபவர்களை. காலையிலிருந்து டேங்க் டேங்காக அடித்திருப்பார். தலை கிறுகிறுப்பு, வாந்தி, வயிற்றைப் பிசைகிற வலி, கண் மங்கல். வெயில் தாக்கிவிட்டது என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மோர் கொடுத்து மரத்தடியில் படுக்கவைப்பார்கள். வாயில் எச்சில் நுரைத்து வழியத் தொடங்கிய பிறகுதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வருவார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வெறும் வெயில் அதைச் செய்யாது.

உடனே நாங்கள் கேட்கும் கேள்வி, "என்ன மருந்து அடிச்சார்?"

"பச்சை மூடி போட்ட பாட்டிலுங்க." "ரெண்டு மூணு கலந்தது சிஸ்டர்." "நிலத்துக்காரர் வாளியில கலக்கி வச்சிருந்தாரு, இவரு ஊத்தி அடிச்சாரு." இப்படித்தான் பதில் வரும். ஒருமுறை ஒருவருடைய மனைவி, இடுப்பில் செருகி வைத்திருந்த கடைச் சீட்டை எடுத்து நீட்டினார். பெரிய நிம்மதியோடு வாங்கிப் பிரித்தேன். "பருத்தி 2 மா, 3 அயிட்டம்" என்று எழுதி, கீழே தொகை போட்டிருந்தது. மருந்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.

பெயர் எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சிகிச்சையே அதை வைத்துத்தான். புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் போன்றவை நரம்புக்கும் தசைக்கும் நடுவில் வேலை செய்யும் ஒரு நொதியை முடக்கிவிடும். அதற்கு அட்ரோபின் ஊசி. நுரையீரலில் நீர்க்கொழகொழப்பு அடங்கும்வரை சில நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். பைரித்ராய்டு வகை என்றால் முகமெல்லாம் எரியும், ஊறும்; வைத்தியம் வேறு. களைக்கொல்லி பாராகுவாட் என்றால் முறிமருந்தே கிடையாது. நல்லது செய்கிறோம் என்று தாராளமாக ஆக்சிஜன் வைத்தால் அதுவே நுரையீரலைக் கெடுக்கும். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தவரை வைத்துக்கொண்டு, பெயரும் தெரியாமல், நாங்கள் அறிகுறிகளைப் பார்த்து ஊகித்துத்தான் ஓட்டுகிறோம்.

சரி, மறுநாள் தெளிந்து உட்கார்ந்துவிட்டார், இட்லி சாப்பிட்டார், வீட்டுக்கு அனுப்புங்கள் என்று உறவினர்கள் நிற்பார்கள். அப்போதும் விடமாட்டோம். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் கழுத்துத் தசை திடீரென்று தளர்ந்து மூச்சுத் தசைவரை போகிற ஆபத்து இருக்கிறது. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் அவரைப் படுக்கவைத்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லிப் பார்ப்போம். தூக்க முடியவில்லை என்றால் மூச்சுக்கருவிக்கு ஏற்பாடு செய்யவேண்டியதுதான். வயல் வேலையில் உரமேறிய மனிதர், தன் தலையைத் தானே தூக்க முடியாமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

இது நம் ஊர்க்கதை மட்டுமல்ல. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்ததால் முகத்துக்கு நேராக அடித்தார்கள், பல மருந்துகளைக் கலந்தார்கள் என்று அப்போது பேசப்பட்டது. அதே ஆண்டு நம் பெரம்பலூர்ப் பக்கமும் பருத்திக்கு மருந்து அடித்த சிலர் இறந்தார்கள். கொஞ்ச நாள் பரபரப்பு இருந்தது. அப்புறம் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பாதுகாப்பு உபகரணம் போடாமல் அலட்சியமாக அடித்தார்கள்."

உங்களில் பலர் என்னிடமும் இதையே சொல்லியிருக்கிறீர்கள். "நாங்க சொல்லத்தான் செய்யறோம் சிஸ்டர், கேக்கறதில்ல." பாதி உண்மை. நீங்கள் சொன்னது நிலத்துக்காரரிடம். அடிக்கிற ஆள் உங்கள் கடைக்கு வரவேயில்லை. பாட்டிலும் அதோடு வந்த துண்டுப் பிரசுரமும் மோட்டார் கொட்டகையில் கிடக்கின்றன. அவர் கைக்கு வருவது வாளியில் கலக்கிய வெள்ளைத் தண்ணீர். கூலியும் டேங்க் கணக்கு. நின்று நிதானித்தால் அவருக்குத்தான் நஷ்டம். இவரை அலட்சியக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். 1958-இல் கேரளத்தில் கப்பலில் வந்த கோதுமை மாவில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கசிந்து, அதைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1971-இல் வந்த அதன் விதிகளில், மருந்தைத் தயாரிப்பவர் முதல் தெளிப்பவர்வரை எல்லாருக்கும் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்று இருக்கிறது. கையுறை முழங்கைக்குப் பாதிவரை வரவேண்டும் என்று அளவுகூடச் சொல்லியிருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்வதும், முதலுதவிப் பொருளும் முறிமருந்தும் இருப்பு வைப்பதும் தயாரிப்பவர், விநியோகிப்பவர் பொறுப்பு. வயலும் ஒரு வேலையிடம்தான் என்று அந்த விதி ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. நீங்களோ, உங்களுக்குப் பின் கடையைப் பார்க்கப்போகும் பிள்ளைகளோ, ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் கடைக்காரர்களுக்காக நடத்தும் 48 வாரப் பட்டயப் படிப்பை முடித்தவர்களாகவும் இருக்கலாம். ஆக, புதிதாக எதையும் கற்றுத்தர நான் வரவில்லை.

முழுக் கவச உடை என்று ஆரம்பிக்கவும் போவதில்லை. மே மாத வெயிலில் பிளாஸ்டிக் அங்கியைத் தலையிலிருந்து கால்வரை போட்டுக்கொண்டு பருத்திக்குள் நடந்தால், மருந்து செய்யாததை வெக்கையே செய்துவிடும். கம்பெனிக்காரர்கள் படம் எடுத்துக்கொள்ளக் கொடுக்கிற அந்தக் கவச உடைப் பையை நானும் பார்த்திருக்கிறேன்.

நான் கேட்பதில் முதலாவது சீட்டு. பில்லில் மருந்தின் வணிகப் பெயரோடு உள்ளே இருக்கும் வேதிப்பொருளின் பெயரையும் எழுதுங்கள். கணினி பில் போடுகிறவர்களுக்கு இது ஒருநாள் வேலை. அதில் இரண்டு நகல் எடுத்து, "ஒன்று அடிக்கிற ஆளின் சட்டைப்பையில் இருக்கட்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் காட்டச் சொல்லுங்கள்" என்று கொடுங்கள். கைபேசி வைத்திருப்பவர் என்றால், லேபிளைப் படம் எடுத்து ஆளின் நம்பருக்கு அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் இருக்கும் வைர வடிவக் கட்டத்தில் சிவப்பு என்றால் மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்பது படிக்கத் தெரியாதவருக்கும் ஒரு தடவை சொன்னால் புரியும். அப்படியே இன்னொன்று: பச்சைக் கட்டத்தில் வேலை முடியும் இடத்தில் சிவப்பை எடுத்துக் கொடுக்காதீர்கள். "சட்டுனு கேக்கணும், நல்லா ஸ்ட்ராங்கா குடுங்க" என்று அவர் கேட்டாலும்தான்.

இரண்டாவது, கையுறை. ஆபத்தின் பெரும்பகுதி மூச்சு வழியாகப் போகிறது என்று எல்லாரும் நினைத்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்கிறார்கள். வயலில் தோல் வழியாகப் போவதுதான் அதிகம். அதிலும் நீர்க்காத மருந்தை மூடியில் அளந்து ஊற்றுகிற அந்த இரண்டு நிமிடம்தான் மோசம். கையால் கலக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கள் வார்டில் போடும் மெல்லிய ரப்பர் உறை இதற்குப் போதாது. மருந்தில் இருக்கும் கரைப்பான் அதைத் தாண்டிவிடும். துணி உறை இன்னும் கேடு, ஊறிப்போய்த் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நைட்ரைல் உறை, கொஞ்சம் தடிமனானதாக, நீளமானதாக, வாங்கி வையுங்கள். பாட்டிலின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு. விலை போட்டே விற்றுக்கொள்ளுங்கள், இலவசமாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்டால் எடுத்துத் தருவதாக உள்ளே வைக்காமல், பாட்டிலோடு சேர்த்துக் கல்லாவில் வையுங்கள்.

டேங்க் ஒழுகி முதுகு நனைவதுதான் நான் அடுத்து அதிகம் பார்ப்பது. வாஷர் தேய்ந்திருக்கும். வாஷரையும் நாசிலையும் நீங்கள்தானே விற்கிறீர்கள்? சீசனுக்கு முன்னால் ஒரு தடவை "டேங்க்கைக் கொண்டாங்க, பாத்துடலாம்" என்று சொன்னால் வியாபாரமும் ஆகும். நாசில் அடைத்தால் வாய் வைத்து ஊதுகிறவர்களிடம் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைப் பற்றிச் சொல்லுங்கள். முழுக்கைச் சட்டை, முதுகில் ஒரு பிளாஸ்டிக் தாள், காற்றுக்கு எதிராக அடிக்காமல் இருப்பது, பீடிக்கும் வெற்றிலைக்கும் முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு அந்தத் துணியைத் தனியாக அலசுவது. இவ்வளவு செய்தாலே என் வார்டுக்கு வருகிற கூட்டம் குறையும். மறுநாளே அதே வயலில் களை எடுக்கவும் பஞ்சு பொறுக்கவும் வெறுங்கையோடு இறங்குகிற பெண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ட்ரோன் வந்துவிட்டது, இனி ஆளே வேண்டாம் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீரில் போன மருந்து இப்போது பத்து லிட்டரில் போகிறது. கலக்குகிற பையன் தொடுவது பல மடங்கு காட்டமான கலவை. அவனுக்கும் கையுறை வேண்டும்.

கலவை பற்றி ஒரு வார்த்தை. பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று, டானிக் ஒன்று என்று ஒரே டேங்கில் ஊற்றச் சொல்லும்போது, அதற்குப் பரிந்துரை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடனுக்கு வாங்குகிறவர் மறுத்துப் பேசமாட்டார். அது உங்களுக்கும் தெரியும்.

இனி உங்கள் கடைக்குள் வருகிறேன். வெறுங்கையால் பெட்டி இறக்குகிற, உடைந்த பாட்டிலைத் துணியால் துடைக்கிற, மதியம் அதே மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிற உங்கள் கடைப் பையனும் தொழிலாளிதான். பெரும்பாலான கடைகளில் பின்பக்கம் ஜன்னலே இருப்பதில்லை. எதுவும் கொட்டினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு அள்ளச் சொல்லுங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சில்லறையாக விற்க உங்களுக்கு அனுமதி இல்லை. இருந்தும் எங்கோ ஓர் அலமாரியில் கிடக்கிறது என்றால், அதில் ஈரம் படவே கூடாது. படுகிற நிமிடம் விஷவாயு கிளம்பும். 2020 கடைசியோடு தடையான போரேட் குருணை மூலையில் மிச்சம் இருந்தால், விற்றுத் தீர்க்கப் பார்க்காமல் வேளாண் அலுவலரிடம் சொல்லிவிடுங்கள்.

காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் ஒரு வழி பாருங்கள். 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. நம் வீடுகளிலும் காலியான மருந்துக் கேன்களில் மண்ணெண்ணெய் இருக்கிறது, சில வீடுகளில் குடிதண்ணீரும்.

யாராவது மயங்கினால் உங்கள் கடைக்குத்தான் முதலில் போன் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அப்போது மோர், புளித்தண்ணீர், முட்டை என்று எதையும் சொல்லாதீர்கள். தோல் வழியாகப் போன மருந்துக்கு வயிற்றில் ஊற்றி ஒன்றும் ஆகாது. மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறினால் அதுவே உயிரை எடுத்துவிடும். சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் சங்கக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா? ஒரு டேங்கில் மருந்துக்குப் பதிலாகச் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை ஊற்றி, வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரை அடிக்கச் சொல்வோம். எங்கெங்கே நனைகிறது என்று நீங்களே பார்க்கலாம். உள்ளூரில் மருந்து அடிக்கிற ஆட்கள் நாலைந்து பேரையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள், அன்றைய கூலியை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு. தேதியை நீங்களே சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன். எனக்கு நைட் டியூட்டி இருக்கிற வாரமாக மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர்