முதலாண்டு விடுதி அறையை மாநிலம் பார்த்து ஒதுக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் கல்லூரிகளில் புது மாணவர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும் நேரம் இது. கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன்; மாணவர் விடுதியில் துணை வார்டன் பொறுப்பும் உண்டு. அறை ஒதுக்கும் விதத்தில் எனக்கு நெடுநாள் மனக்குறை.

பீகார் பையன்கள் ஒரு வரிசை, கேரளப் பையன்கள் அடுத்த வரிசை, நம்மூர்ப் பையன்கள் மாடியில். கேட்டால், "பெற்றோரே அப்படித்தான் கேட்கிறாங்க சார், சண்டை வராது" என்கிறார்கள் அலுவலகத்தில். சண்டை வருவதில்லை, உண்மைதான். பேச்சும் வருவதில்லை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் 'வடக்கன்' என்ற சொல் மட்டும் எல்லார் வாயிலும் வந்துவிடுகிறது.

இப்படி விலகி நிற்காமல் பழகுவதற்காகத்தான் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2017-ல் மூன்று வார அறிமுகப் பயிற்சியை வகுத்தது. விளையாட்டு, கலை, ஊரைச் சுற்றிப் பார்ப்பது, குழுவாக உட்கார்ந்து பேசுவது என்று நல்ல திட்டம். பல கல்லூரிகளில் அது சில நாள் சொற்பொழிவாகச் சுருங்கி, கடைசியில் 'எத்னிக் டே' என்று வேட்டி கட்டி செல்ஃபி எடுப்பதோடு முடிகிறது. (வேட்டியில் எல்லாரும் அழகாகத்தான் இருக்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும்.)

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டருக்கு 'தமிழர் மரபு' பாடம் இருக்கிறது. அதில் திணைக் கோட்பாடு நடத்தும்போது கோத்தகிரிப் பையன் ஒருவன் எழுந்து, மார்கழி, தை வாக்கில் வெள்ளை உடுத்தி நீலகிரிப் படுகர் இன மக்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகையைப் பற்றிச் சொன்னான். வாய்பிளந்து கேட்டவர்கள் வெளிமாநிலத்தார் மட்டுமல்ல. பக்கத்து பெஞ்சில் வீட்டில் தெலுங்கு பேசும் ஓசூர்ப் பையனும், சௌராஷ்டிரம் பேசும் மதுரைப் பையனும் இருந்தார்கள்.

போன வருடம் ஒரு அறையில் கூரை ஒழுகியதால் பீகார் மாணவன் ஒருவனை ராமநாதபுரம், நாகர்கோவில் பையன்களோடு போட வேண்டியதாயிற்று. தீபாவளி கழிந்த ஆறாம் நாள், பீகாரில் சூரியனை வழிபடும் சட் பூஜை. அவன் ஊருக்குப் போக முடியவில்லை. வீட்டிலிருந்து தேகுவா பார்சல் வந்தது. கோதுமை மாவு, வெல்லம், நெய் சேர்த்துப் பொரித்த பலகாரம். "நம்ம அதிரசம் மாதிரி, கொஞ்சம் கெட்டி" என்றான் ராமநாதபுரத்தான். அப்புறம்தான் கேள்விகள். மாலையில் மறையும் சூரியனுக்கும் ஆற்றில் நின்று அர்க்கியம் (நீர் வார்த்து வணங்குவது) விடுவார்களா? அது ஏன்? இதே அறையார் ஃபேன் வேகத்துக்காக என்னிடம் பஞ்சாயத்துக்கு வந்ததும் உண்டு. பரவாயில்லை.

மொழிதான் பயம் என்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் நம் பையனுக்கு ஆங்கிலம் பேசத் தயக்கம். இந்தி வழியில் படித்து வந்தவனுக்கும் அதே தயக்கம். இருவரும் தப்பும் தவறுமாகப் பேசினால் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? சரளமாகப் பேசுகிறவர்கள் நடுவில்தான் இவர்கள் வாயே திறப்பதில்லை.

கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 ராகிங் தடுப்பு விதிகள் முதலாண்டு மாணவரை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்கவைக்கச் சொல்கின்றன. அந்தக் கட்டடத்துக்குள் ஒரே மாவட்டத்தார் இருவர் ஓர் அறையில் வராதபடி பட்டியல் போடலாம். கணினியில் ஒரு மணி நேர வேலை. சைவம், அசைவம் எல்லாம் மெஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். எவனாவது நிஜமாகவே தவித்தால் அறையை மாற்றிக் கொடுக்க வார்டன்கள் நாங்கள் இருக்கிறோம். பெண்கள் விடுதிக்கும் இதே முறைதான். இரண்டாம் ஆண்டிலிருந்து யாரோடு வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
விடுதித் துணைக் காப்பாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.