எட்டாம் வகுப்பின் மாமல்லபுரம் பயணம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், புதன்கிழமை, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துச் செல்கிறோம். விஷயம் காதில் விழுந்த அன்றே சிலர் கேட்டுவிட்டீர்கள்: "மகாபலிபுரம்தானே மேடம்? எத்தனை தடவை போயாச்சு!" நியாயம்தான். சென்னைப் பிள்ளைகளுக்கு மகாபலிபுரம் என்றால் இசிஆரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெண்ணெய் உருண்டை என்ற பெரிய பாறையைக் கையால் தாங்குவது போல ஒரு போட்டோ, கடற்கரையில் வறுத்த மீன், இருட்டுவதற்குள் வீடு. அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒரு சிற்பத்தின் முன்னால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல நின்ற பிள்ளை எத்தனை பேர்? இந்த முறை நிற்க வைக்கப் போகிறோம்.

அதற்காகவே இடங்களைக் குறைத்திருக்கிறோம். முதலைப் பண்ணை, பொழுதுபோக்குப் பூங்கா எதுவும் கிடையாது. ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு என்ற பெரிய பாறைச் சிற்பம், குன்றில் உள்ள குடைவரைகள் (பாறையைக் குடைந்து செய்த மண்டபங்கள்), கடற்கரைக் கோயில். அவ்வளவுதான். வேலை நாளில் போவதும் இதனால்தான். சனி, ஞாயிறு கூட்டத்தில் வழிகாட்டி பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது.

சுற்றுலாத் துறை உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் நாள் முழுக்கக் கூட இருப்பார். பாண்டவர் கதையைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கல்லை எப்படி வெட்டினார்கள் என்பதை விரிவாகச் சொல்லும்படி அவரிடம் கேட்டிருக்கிறோம். ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் தொடர்பு இல்லை, பெயர்கள் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. 7ஆம் நூற்றாண்டில், மாமல்லன் என்ற பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் காலத்தில் செதுக்கத் தொடங்கியவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

வரிசையாக நிற்கும் நான்கு ரதங்களும் ஒரே நீளப் பாறையில் வெட்டியவை. வீடு கட்டுகிறவர் அஸ்திவாரம் போட்டு மேலே போவார். இங்கே சிற்பி உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறார். பீம ரதத்தில் இது பளிச்சென்று தெரியும். மேலே வண்டிக்கூண்டு போல வளைந்த கூரை கச்சிதமாக இருக்கிறது, கீழ்த்தளம் இன்னும் பாதிப் பாறையாகவே கிடக்கிறது. தருமராச ரதத்தில் வெளி மூலைச் சிற்பங்கள் முடிந்துவிட்டன, உள்ளே குடையும் வேலை அப்படியே நின்றுவிட்டது. செங்கல் சுவரில் ஒரு கல் சரியில்லை என்றால் பிரித்து மாற்றலாம். இங்கே ஒரு மூக்கு உடைந்தால் மாற்றுக் கல் கிடையாது. ஏன் பாதியில் விட்டார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. பிள்ளைகள் அங்கேயே விவாதிக்கட்டும்.

குன்றில் முடியாமல் நின்ற குடைவரைகள் இன்னும் சுவாரசியமானவை. பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகக் கோடு வெட்டிப் பிரித்திருக்கிறார்கள். கோட்டை ஆழமாக்கிக்கொண்டே போய், நடுவில் துருத்தி நிற்கும் கட்டியைத் தட்டி எடுத்துவிட வேண்டியது. உளி பட்ட தடம் இன்றும் தெரிகிறது. இதைப் பிள்ளைகள் பென்சிலால் வரைய வேண்டும்; அழகாக வரவேண்டும் என்று அவசியமில்லை.

அர்ச்சுனன் தபசில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்கிறது, அதை நம்பிய எலிகள் சுற்றி நிற்கின்றன. அது எங்கே இருக்கிறது என்று தயவுசெய்து வீட்டில் முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடாதீர்கள்! பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசுவையும் அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கடைசியாகக் கடற்கரைக் கோயில். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கல்லை அடுக்கிக் கட்டியது. உப்புக் காற்று அரித்து, பல சிற்பங்களில் முகமே மழுங்கிவிட்டது. அலையைத் தடுக்கப் போட்ட பாறைகளையும் வழிகாட்டி காட்டுவார்.

இனி நடைமுறை விஷயங்கள். காலை 6.30 மணிக்குப் பேருந்து கிளம்பும். மாலை 5 மணி வாக்கில் பள்ளிக்குத் திரும்பிவிடுவோம். தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம். மதியத்துக்கு எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ போதும். கழிப்பறை வசதி பற்றிப் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டிருந்தீர்கள். போகும் வழியிலும் மதிய உணவின்போதும் சுத்தமான உணவகத்தில் நிறுத்த ஏற்பாடு செய்திருக்கிறோம், ஆசிரியைகள் கூடவே போவார்கள்.

கடலில் கால் நனைக்கவும் அனுமதி இல்லை. இதில் கெஞ்சலுக்கு இடமில்லை. வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவில் சறுக்குவதும் கூடாது (நீங்கள் சறுக்கியிருப்பீர்கள், நானும்தான், இருந்தாலும் கூடாது). கல்லில் பெயர் கீறுவது, பழைய நினைவுச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை வீட்டிலும் ஒருமுறை சொல்லிவையுங்கள். செல்போன் வேண்டாம். படங்களை வகுப்பாசிரியர் மாலையில் வாட்ஸ்அப் குழுவில் போடுவார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. அதனால் பேருந்துக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து 350 ரூபாய் மட்டும். கட்ட இயலாதவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைக்குத் தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீசிங், வலிப்பு, பயணத்தில் வாந்தி போன்ற தொந்தரவு இருந்தால் ஒப்புதல் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள், மருந்தையும் பெயர் எழுதி உறையில் போட்டு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். கையெழுத்திட்ட படிவம் பொங்கல் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலை நாளுக்குள் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
சென்னை